வெற்றுக்காலுடன் ஆடி வென்ற முஹம்மத் சலீம்

1936ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உதைபந்தாட்ட வரலாற்றில் நிலைத்துவிட்டது. கல்கத்தாவிலிருந்து கப்பலேறிச் சென்ற முஸ்லிம் வீரர் ஒருவரின் பாதங்களுக்கு, செல்டிக் கழகத்தின் பயிற்றுநர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து துணிப்பட்டி சுற்றுகின்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கழகத்தின் முன்வரிசையில் ஆடிப் பெரும்புகழ் ஈட்டியவர் மெக்மெனமி. அந்த வீரரின் பெயர் முஹம்மத் சலீம்.

1904இல் கல்கத்தாவில் பிறந்த சலீம், வலப்பக்க முன்வரிசை வீரர். பாதணி அணியாமல் ஆடுவதே அவரது வழக்கம். 1891இல் தோன்றிய முஹமடன் ஸ்போர்ட்டிங் கழகம், 1934இல் கல்கத்தா லீக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. 1898இல் ஆரம்பமான அந்தச் சுற்றுப்போட்டியில் அதற்கு முன்னர் எந்தவோர் இந்தியக் கழகமும் சம்பியனானதில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கிண்ணம் முஹமடன் வசமே இருந்தது. அவ்வெற்றிகளில் சலீமின் பங்கு பெரிது.

பிரித்தானியாவில் வசித்த உறவினர் ஒருவரின் தூண்டுதலால் அவர் செல்டிக் கழகத்தின் வாசலை அடைந்தார். அப்போது செல்டிக், ஸ்கொட்லாந்தின் நடப்புச் சம்பியன். முந்திய பருவத்தில் அதன் வீரர் ஜிம்மி மெக்ரோரி லீக் ஆட்டங்களில் மாத்திரம் 50 கோல்களைப் போட்டிருந்தார். பாதணியின்றி ஆடும் ஒருவர் இத்தகைய அணிக்கு ஈடுகொடுப்பாரா என்ற ஐயம், 1897 முதல் கழகத்தை வழிநடத்திய வில்லி மேலிக்கு எழுந்தது. ஆயினும் சோதித்துப் பார்க்க அவர் இசைந்தார். பந்தைத் தன்வயப்படுத்தும் சலீமின் ஆற்றல் அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தது.

செல்டிக் சார்பில் அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். அவை பிரதான லீக் ஆட்டங்களுமல்ல. கோல்ஸ்டன் அணியை 7-1 எனவும், ஹமில்டன் அணியை 5-1 எனவும் செல்டிக் வென்றது. ஹமில்டனுக்கு எதிராகத் தண்டனை உதையொன்றைச் சலீம் கோலாக்கினார். ஸ்கொட்லாந்துப் பத்திரிகைகள் அவரது காலாட்டத்தை மாயவித்தைக்கு ஒப்பிட்டு வியந்தன.

கழகம் அவரைத் தக்கவைக்க விரும்பியபோதும், தாயகத்தின் நினைவு அவரை வாட்டியது, ஊர் திரும்பினார். அவருக்கென வழங்க முன்வந்த பணத்தை அநாதைச் சிறார்களுக்கு அளிக்குமாறு அவர் வேண்டிக்கொண்டதாகக் கூறப்படுகிறது. 1980இல் அவர் காலமானார்.

இரண்டு ஆட்டங்களுக்காக ஒருவரை நினைவுகூர வேண்டுமா என்று கேட்கலாம். செல்டிக், ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளின் பசி தீர்க்கும் நோக்குடன் 1887இல் ஒரு கத்தோலிக்கத் துறவியால் தொடங்கப்பட்ட கழகம். முஹமடனோ கல்கத்தா முஸ்லிம்களின் கழகம். இரண்டுமே சிறுபான்மைச் சமூகங்களின் பெருமிதத்தில் வளர்ந்தவை. இவற்றுக்கிடையே மதமும் நிறமும் கடலும் வகுத்திருந்த எல்லையை ஒருவரின் திறமை கடந்தது.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை தமிழ், முஸ்லிம் ஊர்கள் தோளோடு தோள் சேர்ந்து கிடக்கும் எமது கரையோரத்திலும், கடற்கரை மணலில் வெற்றுக்காலுடன் பந்துதைக்கும் சிறுவர்கள் உள்ளனர். கல்முனை சந்தாங்கேணி மைதானத்தின் ஓரத்தில் நின்று தன் முறைக்காகக் காத்திருக்கும் சிறுவனிடம் எந்த ஊர், எந்த இனம், பாதணி உண்டா என்று முதலில் கேட்பது முறையன்று. சலீமை வாசலிலேயே திருப்பி அனுப்ப மேலிக்குக் காரணங்கள் பல இருந்தன. அவர் ஒரு பந்தைக் கொடுத்துப் பார்த்தார். எமது கழகங்கள் செய்ய வேண்டியதும் அதுவே.