திருமயிலைப் பேயாழ்வாரும் இடைகழி நெருக்கமும்

ஐப்பசி மாதத்துச் சதய நன்னாளில் திருமயிலையில் அவதரித்தவர் பேயாழ்வார். எம்பெருமானுடைய நந்தகம் என்னும் வாளின் அம்சமாக, கிணற்றில் மலர்ந்த செவ்வல்லிப் பூவில் அவர் தோன்றினார் என்பது குருபரம்பரை. அவ்வவதார ஸ்தலத்தை மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் இன்றும் சேவிக்கலாம். அதே ஐப்பசியில் திருவோணத்தன்று காஞ்சித் திருவெஃகாவில் பொய்கையாழ்வாரும், அவிட்டத்தன்று கடல்மல்லையில் பூதத்தாழ்வாரும் அவதரித்தனர். மூவரும் ஒருவரையொருவர் அறியாமல், திவ்ய தேச யாத்திரையிலேயே காலம் கழித்து வந்தனர். திருமழிசையாழ்வாரைத் திருத்திப் பணிகொண்டவரும் பேயாழ்வாரே; அவ்வரலாறு தனியே விரித்தெழுதத் தக்கது.

தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரில் ஓர் இரவு, பெருமழை, காரிருள். ஒரு திருமாளிகையின் இடைகழியில் பொய்கையார் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமரலாமே என்று அழைத்துக்கொண்டார். பிறகு பேயாழ்வார் வந்தார். அமர்ந்திருந்த இருவரும் எழுந்தனர். மூவரும் தோளோடு தோள் உரசி நின்றனர்.

வந்தவர் எவ்வூர், என்ன குலம், என்ன கோத்திரம் என்று முதலில் விசாரித்து, பிறகு இடம் கொடுத்ததாக வரலாறு இல்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கென்ன இருந்தது? மூவரும் அயோநிஜர்கள் அல்லவா! முன்பெல்லாம் புதியவர் கணக்குத் தொடங்க வந்தால் அறிமுகக் கையொப்பம் கேட்டே பழகியிருந்த வங்கிப் பணியாளனான அடியேனுக்கு, இவ்விடத்தை வாசிக்கும்போதெல்லாம் வியப்பு மேலிடும். முகம் தெரியாத இருளில், நனைந்த மேனியின் ஸ்பரிசம் ஒன்றே அவர்களுக்கு அறிமுகம். யாரும் கூசி விலகவில்லை. பகவத் குணங்களைப் பேசத் தொடங்கியதும் அந்நெருக்கத்திலேதான்.

அப்போது நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். ஆலயத்தில் தனித்திருக்க மனமில்லாமல், அடியார் நடுவே நசுங்குவதை விரும்பி வந்தவன் திருக்கோவலூர் ஆயன். ஸ்வாமி வேதாந்த தேசிகன் தேஹளீச ஸ்துதியில் இந்த நெருக்கத்தைக் கரும்பு பிழியப்பட்டுச் சாறு பெருகுவதாகக் கண்டு அனுபவிக்கிறார்.

நெருக்குபவர் யார் என்று அறிய விளக்கு வேண்டியிருந்தது. பொய்கையார் உலகையே அகலாகக் கொண்டு ஒரு விளக்கும், பூதத்தார் அன்பையே அகலாகக் கொண்டு மற்றொரு விளக்கும் ஏற்றினர். பேயாழ்வார் விளக்கு ஏற்றவில்லை. அவ்விரு ஒளியில், அதுவரை தம் தோளால் மட்டுமே அறிந்திருந்த திருமேனியைப் பெரிய பிராட்டியோடும் சங்கு சக்கரங்களோடும் கண்ணாரக் கண்டு, மூன்றாம் திருவந்தாதியின் 100 பாசுரங்களை அருளிச்செய்தார்.