பணிவிடை செய்வோரைத் தாங்குவதும் தர்மமே

அய்யா துணை



பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் நாள்தோறும் பணிவிடை நடந்து வருகிறது. விடியுமுன் எழுந்து, குளித்து, நடை திறந்து, விளக்கேற்றி, உகப்படிப்பும் உச்சிப்படிப்பும் தவறாமல் நடத்தி, வருவோர்க்குத் திருநாமம் சாத்தி இனிமம் கொடுக்கிறவர் பெரும்பாலும் நம்மைப் போல உழைத்து உண்கிற எளிய குடும்பத்தவர். காணிக்கை வேண்டாம் என்று அய்யா விலக்கியதால், பணிவிடைக்காரருக்கு ஊர் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. அந்த எண்ணம் சரிதானா என்பதை அய்யாவின் திருவாழ்வைக் கொண்டே ஆராய்வோம்.

அய்யா மனுவுடல் எடுத்த பூவண்டன்தோப்பு அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1809-ஆம் ஆண்டு பொன்னுமாடன், வெயிலாள் தம்பதியர்க்குப் பிள்ளை பிறந்தபோது முடிசூடும் பெருமாள் என்று பேரிட்டார்கள். தாழ்த்தப்பட்டவன் பிள்ளைக்கு இப்பேர் ஆகாது என்று மேலோர் தடுத்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற நேர்ந்தது. அந்நாளில் நம் முன்னோர் தலைக்கு வரி கட்டினார்கள். பனை ஏறவும் வரி கட்டினார்கள். அதற்கும் மேலாக ஊழியம் என்ற ஒன்று இருந்தது. அரசாங்கத்துக்கும் கோவிலுக்கும் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். ஓலையும் சுமையும் எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டில் பிள்ளை பசித்துக் கிடந்தாலும் அழைத்தவுடன் போயாக வேண்டும். சாமிக்கென்று உழைத்தவன் அந்தச் சாமியின் கோவிலுக்குள் நுழைய முடியாது.

கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி மாதம், நோயுற்றிருந்த மகனைத் தாயார் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்றார். அங்கே கடலுக்குள் சென்றவர், மாசி 20-ஆம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்பது நம் நம்பிக்கை. அங்கிருந்து நடந்து தெச்சணம் வந்த அய்யா ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழியில் நின்றும், அடுத்த இரண்டு ஆண்டு தரையில் இருந்தும், கடைசி இரண்டு ஆண்டு மேடையில் இருந்தும் அத்தவம் நடந்தது. அந்நாளில் பாலே அவருக்கு ஆகாரம். அந்தப் பால் எங்கிருந்து வந்தது? வரிக்கும் ஊழியத்துக்கும் ஆளான எளிய மக்களின் வீடுகளிலிருந்துதான் வந்தது. தவம் இருந்தவரை ஊர் தாங்கியது. யாரும் அதைக் காணிக்கை என்று நினைக்கவில்லை.

மக்கள் திரள் திரளாக வருவதைக் கண்டு அஞ்சிய அரசு அய்யாவைப் பிடித்துச் சென்றது. திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்துப் பல வதைகள் செய்தது. அப்போது ஆயர் குலத்துப் பூவண்டர் அரசனிடம் அய்யாவுக்காகப் பரிந்து பேசினார். 1014-ஆம் ஆண்டு மாசியில் அய்யா விடுதலையானபோது அன்பர்கள் அவரை வாகனத்தில் இருத்தித் தோளில் சுமந்து வந்தார்கள். ஊழியத்துக்காகச் சுமை தூக்கிப் பழகிய தோள்கள்தாம் அவை. ஆனால் இந்தச் சுமையை எவரும் கட்டளையிட்டு ஏற்றவில்லை, அன்பினால் ஏற்றுக்கொண்டார்கள். ஊழியத்துக்கும் பணிவிடைக்கும் உள்ள வேறுபாடு இதிலேயே விளங்கும்.

பின்பு அய்யா 700 குடும்பத்தாரைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். வீட்டையும் தொழிலையும் விட்டு வாகைப்பதிக் கடற்கரையில் கூடிய அம்மக்கள், நாளும் நீராடி, உடுப்பைத் துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த எளிய உணவை ஒன்றாக உண்டு தவம் இருந்தார்கள். ஒருவர் உண்ண ஒருவர் பார்த்திருக்கவில்லை. முத்திரிக்கிணற்று நீரைச் சாதி பாராமல் எல்லோரும் மொண்டு குடித்ததும், ஒரே பந்தியில் இருந்து உண்டதும் இந்தத் தர்மத்தின் வழியே.

அய்யா சீடர்களையும் ஊர்தோறும் அனுப்பி உபதேசம் செய்யச் சொன்னார். தாமரைகுளம் அரிகோபாலன் சீடர் கொல்லம் 1016-ஆம் ஆண்டு கார்த்திகை 27-ஆம் நாள் அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதத் தொடங்கினார். பதினையாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட அந்த ஏடு ஒரு நாளில் எழுதி முடிகிற காரியம் அல்ல. செட்டிக்குடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர் முதலிய இடங்களில் அய்யா இருந்த காலத்திலேயே தாங்கல்கள் எழுந்தன. ஊராரின் உழைப்பும் பொருளும் சேராமல் ஒரு தாங்கலும் எழுந்திருக்காது. 1026-ஆம் ஆண்டு வைகாசி 21-ஆம் நாள் அய்யா வைகுண்டம் சென்ற பின்பும் பணிவிடை நின்றுபோகவில்லை. அதைச் செய்தவர்களும் அவர்களைத் தாங்கியவர்களும் இருந்தபடியால்தான் இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இனி, அய்யா விலக்கிய காணிக்கை எது? தெய்வம் கோபிக்கும் என்று பயந்து உண்டியலில் போடுகிற பணம். காவடி, நேர்ச்சை, உயிர்ப்பலி என்று ஏழையின் கையிருப்பைக் கரைத்த வழக்கங்கள். பணம் கொடுத்தவனுக்கு முன்னிடமும் கொடாதவனுக்குப் பின்னிடமும் தருகிற பூசாரி முறை. இவற்றைத்தான் அய்யா ஒழித்தார். பசித்தவனுக்கு அன்னம் கொடுப்பதை அவர் ஒருநாளும் விலக்கியதில்லை. எளியவனைத் தாங்குவதே தர்மம் என்று சொன்னவர், நமக்காக நடை திறக்கும் எளியவனை மட்டும் விட்டுவிடச் சொல்வாரா?

கூலியில்லா ஊழியத்தை எதிர்த்து நின்ற அய்யாவின் பேரால், ஒரு மனிதனிடம் நாள்தோறும் வேலை வாங்கிக்கொண்டு அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று கேளாமல் இருந்தால், அது பழைய ஊழியமே வேறு பேரில் திரும்பி வந்ததாகும். அதே சமயம் பணிவிடைக்காரர் நாமத்துக்கு விலை வைத்தால், அய்யா விரட்டிய பூசாரி முறை திரும்பி வந்ததாகும். இந்த இரண்டுக்கும் இடம் கொடாமல் இருப்பது ஊரின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே, வழிபட வருகிறவர் தனித்தனியே பணம் கொடுக்கும் வழக்கம் வேண்டாம். ஊர் ஒன்றாகக் கூடி, வரவும் செலவும் எல்லோரும் அறிய, விளக்கெண்ணெய்க்கும் அன்னதர்மத்துக்கும் ஒதுக்குவது போலப் பணிவிடைக்காரர் குடும்பத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கட்டும். அவருக்கு நோய் வந்தால் மருத்துவச் செலவைப் பாருங்கள். அவர் பிள்ளைகள் படிப்பு நின்றுபோகாமல் பாருங்கள். பொருள் இல்லாதவர்கள் வாரத்தில் ஒரு நாள் தாங்கலைக் கூட்டித் துடைத்து, தண்ணீர் இறைத்து வைத்து, அவர் வேலைக்குப் போக வழி செய்யுங்கள். இளைஞர்கள் உகப்படிப்பைக் கற்றுக்கொண்டு முறைவைத்துப் பணிவிடை செய்யுங்கள். முதுமையடைந்து ஒதுங்கியவரை மறந்துவிடாமல் பந்தியில் முதலில் அழைத்து உட்கார வையுங்கள்.

தாங்கல் என்ற சொல்லிலேயே தாங்குவது இருக்கிறது. வெயிலில் வந்தவருக்கெல்லாம் நிழல் கொடுக்கும் அந்த இடத்தில், விளக்கேற்றி வைப்பவருக்கும் நிழல் கிடைக்கட்டும். அய்யா நம் எல்லோருக்கும் பொறுமையும் தர்மமும் தந்து காப்பாராக.

அய்யா உண்டு