ஒற்றை எதிர்ப்பு வாக்கு

வகுப்புக் கலந்துரையாடலில் எல்லாரும் ஒப்புக்கொண்டால் நானும் தலையாட்டிவிடுவேன். அதை நினைத்து என்னை வெட்கப்பட வைத்தவர் ஹெலன் சூஸ்மன்.

லித்துவேனியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவில் குடியேறிய யூதப் பெற்றோரின் மகளாக 1917இல் பிறந்தார். 1953 முதல் 36 ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்தார். அதில் 13 ஆண்டுகள் அவரது கட்சிக்கு அவர் ஒருவரே உறுப்பினர். விசாரணையின்றி 90 நாள் காவலில் வைக்கும் சட்டம் 1963இல் வந்தபோது, எதிர்த்து வாக்களித்தவரும் அவர் ஒருவரே. சட்டம் நிறைவேறிவிட்டது, அவர் ஓயவில்லை. 1967இல் ராபன் தீவுச் சிறைக்கே சென்று மண்டேலாவிடம் கைதிகளின் குறைகளைக் கேட்டறிந்தார்.

1996இல் மண்டேலா புதிய அரசமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது சூஸ்மன் அருகில் இருந்தார். 2009இல், 91 வயதில் மறைந்தார்.

தோற்ற வாக்கும் பதிவேட்டில் நிற்கும். அடுத்த கலந்துரையாடலில், தனியாக நின்றாலும் என் கருத்தைச் சொல்லிவிடப் போகிறேன்.