கடல் கடந்த கல்விச் செல்வர் டாக்டர் சுப்பாராவ்

பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரையை நாம் அனைவரும் அறிவோம். முகம் சுளித்துக்கொண்டே விழுங்குவோரும் நம்மில் உண்டு. அதில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினும் கலந்துள்ளது. அந்த வைட்டமினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பதை அறிந்தவர் சிலரே. அவரே டாக்டர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

இவர் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இளமையில் வறுமையும் சோதனையும் சூழ்ந்தன. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். தேர்வில் தவறினால் எல்லாம் முடிந்தது என்று கலங்கும் தோழியர் இதை நினைவில் கொள்வது நலம்.

பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அதனினும் பெரிய துயரம் வீட்டில் நேர்ந்தது. சகோதரர் இருவர், ஸ்ப்ரூ எனப்படும் குடல் நோயால் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். உண்ணும் உணவின் சத்து உடலில் சேராமல் மெலிவிக்கும் கொடிய நோய் அது. சுப்பாராவையும் அது பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார். இந்நோயின் காரணத்தை அறிய வேண்டும் என்ற வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

மாமனாரின் உதவியும் காக்கிநாடாவிலிருந்த ஓர் அறநிலையத்தின் உதவியும் பெற்று, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர் சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய் மருத்துவம் பயின்றார். செலவுக்குப் பணம் போதாமல், மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைக் கழுவினார். பகலில் ஆய்வுக்கூடம், இரவில் ஏவல் வேலை. இரண்டையும் இழிவாக அவர் எண்ணவில்லை.

பேராசிரியர் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அந்த முறையே மேலும் வழி திறந்தது. தசைகளில் உள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை இருவரும் கண்டறிந்தனர். உடலின் எல்லா உயிரணுக்களுக்கும் ஆற்றல் தரும் ஏ.டி.பி.யை 1929இல் அறிவித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே அதைக் கண்டார். நம் உயிரியல் பாடநூலில் நாம் மனப்பாடம் செய்யும் ஏ.டி.பி. இதுதான்.

1940இல் லெடர்லே மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே ஃபோலிக் அமிலம் உருவாயிற்று. அது ஸ்ப்ரூ நோய்க்கும் மருந்தாயிற்று. சகோதரர்களைக் காக்க இயலாத குறையை, முன்பின் அறியாதவர்களைக் காத்துத் தீர்த்துக்கொண்டார் எனலாம். யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான், ஆரியோமைசின் என்னும் நோய்க்கொல்லி ஆகியனவும் அவருடைய மேற்பார்வையில் வெளிவந்தன. ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினை, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு டாக்டர் ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். குழந்தைகள் சிலர் தற்காலிகமாகவேனும் தேறினர். இதை அவர் 1948இல் வெளியிட்டார். அதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய் மருத்துவத்தில் பயன்படுகிறது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், 53ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். புகழை நாடாது பிறரை முன்னிறுத்தி வாழ்ந்தமையால், பெயர் பெரிதும் பரவவில்லை. 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

இவ்வரலாற்றில் மற்றொருவரையும் நாம் மறத்தலாகாது. அவர் மனைவி சேஷகிரி அம்மையார். 1919இல் மணந்து, கணவரைக் கப்பலேற்றி வழியனுப்பிய அம்மையார் அவரை மீண்டும் காணவே இல்லை. உலகம் பெற்ற மருந்துகளுக்கு விலை கொடுத்தவர் சுப்பாராவ் ஒருவர் மட்டுமல்லர்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகளின் நடுவே வளரும் நமக்கு, வெளிநாடு தொலைவாகத் தோன்றுவதில்லை. கல்லூரி செல்லும் நம் அக்காமார் கோடை விடுமுறையில் அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெற விண்ணப்பிக்கும் காலம் இது. ஒரு நாளில் பறந்து செல்லலாம். அன்றாடம் அம்மாவின் முகம் பார்த்துப் பேசலாம். கோடை முடிந்ததும் திரும்பலாம். நமக்கு இத்தனை எளிதாகியிருக்கும் பாதையில், எதற்காகப் போகிறோம் என்ற வினாவுக்குச் சுப்பாராவைப் போல் தெளிந்த விடை வைத்திருப்போமாக. நம் வீட்டிலும் தெருவிலும் தீராதிருக்கும் நோய் எது என்று முதலில் கண் திறந்து பார்ப்போம், தோழியரே! அங்கிருந்தே நம் ஆராய்ச்சி தொடங்கட்டும்.