பேராசிரியை மோனிகா வில்சன்

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி கோலோச்சிய நாட்களில், ஆப்பிரிக்க மாணவர்களுக்கு ஆராய்ச்சி செய்யவும், ஆராய்ந்ததை நூலாக எழுதவும் கற்பித்த பேராசிரியர்கள் மிகச் சிலரே. அவர்களுள் மோனிகா வில்சன் அம்மையார் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். அவர் ஒடுக்கப்பட்ட இனத்தில் பிறந்தவர் அல்லர். ஆளும் வெள்ளையர் இனத்தவர். ஆயினும் அவரது வரலாறு நம் கல்விச் சங்கத்தின் மலரில் இடம்பெறக் காரணம் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அம்மக்களின் பிள்ளைகள் தாமே ஆராய்ந்து, தம் பெயரில் வெளியிட்டவை நெடுங்காலம் குறைவாகவே இருந்தன. அந்நிலை ஓரிடத்தில் எவ்வாறு மாறத் தொடங்கியது, எங்கே தடைப்பட்டது என்பதை அம்மையாரின் வாழ்க்கையில் காணலாம்.

1908 சனவரி 3-ஆம் நாள், கிழக்குக் கேப் பகுதியிலுள்ள லவ்டேல் என்னும் கிறித்தவ ஊழியத் தலத்தில் மோனிகா ஹன்டர் பிறந்தார். பெற்றோர் அங்கே பணியாற்றிய ஊழியர்கள். ஆப்பிரிக்க மாணவர்களுக்கென நடந்த புகழ்பெற்ற பள்ளி அவ்வூரில் இருந்தது. கேம்பிரிட்ஜில் கர்ட்டன் கல்லூரியில் முதலில் வரலாறு பயின்ற அவர், பின்னர் மானிடவியலுக்கு மாறினார். (மானிடவியல் நமக்கு முற்றிலும் அந்நியமான துறை அன்று. அண்ணல் அம்பேத்கர் 1916-இல் சாதியின் தோற்றம் பற்றிய தம் கட்டுரையை வாசித்தது கொலம்பியா பல்கலைக்கழகத்து மானிடவியல் கருத்தரங்கில்தான்.) போண்டோலாந்து மக்களிடையே கள ஆய்வு செய்து 1934-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1936-இல் வெளிவந்த அவரது முதல் நூல், அம்மக்களைக் கிராமத்தில் மட்டும் வைத்துப் பாராமல், வெள்ளையர் பண்ணைகளிலும் நகரங்களிலும் கூலிக்கு உழைப்போராகவும் கண்டது. அக்காலத்தில் இது புதிய பார்வை.

1935-இல் காட்ஃப்ரி வில்சனை மணந்தார். கணவரும் மனைவியும் டாங்கனிக்காவில் நியாக்யுசா மக்களிடையே சேர்ந்து ஆய்வு செய்தனர். அங்கே அவர் கண்ட ஒரு நம்பிக்கை நாம் அறியத்தக்கது. தவறு செய்தவன் மீது ஊரார் மனம் வெதும்பி முணுமுணுத்தால், அவர்களுடைய மூச்சே குளிராய் அவன் மேல் படிந்து நோயாகும் என்பது அவர்கள் கொள்கை. தலைவனும் இதற்கு விலக்கல்லன். பரம்பரையாய் வந்த தலைமைக்கும் சாதாரணக் குடிமக்களின் மூச்சுக்கும் இடையிலுள்ள இந்தச் சமநிலையை அவர் 1959-இல் ஃபிரேசர் நினைவுச் சொற்பொழிவில் விளக்கினார். தலைமையின் அறத்தை மேல்நாட்டுத் தத்துவ நூல்களிலேயே தேடிக்கொண்டிருந்தோர்க்கு, எழுத்தறியாத உழவர்களிடமும் அது உண்டு என அச்சொற்பொழிவு உணர்த்தியிருக்க வேண்டும்.

காட்ஃப்ரி வடரொடீசியாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். அவர் ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளரோடு நெருங்கிப் பழகியது சுரங்க நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. போரை எதிர்க்கும் கொள்கையினர் என்பதும் சேர்ந்துகொள்ள, 1941-இல் பதவியைத் துறந்தார். 1944-இல் அவர் மறைந்தார். இரண்டு சிறு பிள்ளைகளோடு மோனிகா அம்மையார் அவ்வாண்டே ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார்.

ஃபோர்ட் ஹேர் ஆப்பிரிக்கர்க்கான உயர்கல்வி நிலையம். அதன் முதல் பட்டதாரியான பேராசிரியர் இசட். கே. மேத்யூஸ் அங்கே ஆசிரியராக இருந்தார். அம்மையார் அங்கிருந்தது ஏறத்தாழ இரண்டாண்டுதான், பலனோ பெரிது. மாணவர்களான லிவிங்ஸ்டன் ம்கோட்சியும் நிம்ரோட் ம்கேலேயும் ஆப்பிரிக்கர் தனித்து நிறுவிய ஒரு திருச்சபையைப் பற்றி எழுதிய கட்டுரை, 1946-இல் ஆய்விதழொன்றில் அவர்கள் பெயரிலேயே வெளியாயிற்று. காட்ஃப்ரி பிட்ஜே என்பவர் பெடி மக்கள் ஆண்பிள்ளைகளுக்கு அளித்த மரபுவழிக் கல்வியை ஆராய்ந்து எழுதியது 1950-இல் வெளிவந்தது. இந்தப் பிட்ஜே பின்னர் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் இளைஞர் அணித் தலைவராகவும் வழக்கறிஞராகவும் விளங்கினார்.

1952-இல் அம்மையார் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் சமூக மானிடவியல் பேராசிரியை ஆனார். நகரை அடுத்த லாங்கா என்னும் ஆப்பிரிக்கர் குடியிருப்பை ஆராயும் பணி அங்கே நடந்தது. வெள்ளையர் அனுமதிச்சீட்டு இல்லாமல் அங்கே நுழைய முடியாது. நுழைந்தாலும் யார் மனம் திறந்து பேசுவார்? 1960 மார்ச்சில் லாங்காவில் காவலர் துப்பாக்கிச் சூடு நடந்தது. முப்பதாயிரம் பேர் கேப்டவுனை நோக்கி நடந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அங்கே கள ஆய்வுக்குச் சென்றவர் ஆர்ச்சி மஃபெஜே என்ற மாணவர். 1936-இல் டிரான்ஸ்கை பகுதியில் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். உயிரியல் பயின்றுவிட்டு மானிடவியலுக்கு வந்தவர்.

மஃபெஜே ஏறக்குறைய இரண்டாண்டு லாங்காவில் அலைந்து, ஊரிலிருந்து பிழைக்க வந்த இளைஞர் கூட்டங்கள், உறவினர், திருச்சபைகள், சங்கங்கள் ஆகியவை பற்றி அறிக்கைகள் எழுதினார். ஆசிரியை அவற்றைப் படித்து வழிநடத்தினார். கண்டதையும் கேட்டதையும் தன் கருத்தோடு கலந்துவிடாமல் எழுதுவது ஆய்வெழுத்தின் அரிச்சுவடி. அம்மையார் இதில் கண்டிப்பானவர். தம் நியாக்யுசா நூலின் பின்பகுதியில் களக்குறிப்புகளையே ஆவணங்களாக அச்சிட்டு, வாசகர் சரிபார்க்க வழிவிட்டவர். 1963-இல் லாங்கா பற்றிய நூல் வெளிவந்தபோது அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன: மோனிகா வில்சன், ஆர்ச்சி மஃபெஜே. அதே ஆண்டில் மஃபெஜேயின் முதுகலை ஆய்வேடும் நிறைவுற்றது. இரண்டு கிராமச் சமுதாயங்களில் தலைமை எவ்வாறு மாறுகிறது என்பதே அதன் பொருள். தம் மண்ணில் யார் தலைவர், எதனால் தலைவர் என்ற கேள்வியை அம்மண்ணின் மகனே எழுப்பி விடையும் எழுதினார்.

ஆசிரியை பெயர் முன்னும், களத்தில் அலைந்தவர் பெயர் பின்னும் இருப்பது சிலருக்கு உறுத்தலாம். அந்த உறுத்தல் நியாயமே. ஆனால் இத்தகைய உதவியாளரின் உழைப்பு முன்னுரையில் ஒரு வரி நன்றியோடு முடிந்துவிடுவதே அன்றைய வழக்கம் என்பதையும் எண்ண வேண்டும்.

மஃபெஜே பின்னர் கேம்பிரிட்ஜில் ஆட்ரி ரிச்சர்ட்ஸ் அம்மையாரின் வழிகாட்டலில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1968-இல் கேப்டவுன் பல்கலைக்கழகம் அவரை மோனிகா அம்மையாரின் துறைக்கே முதுநிலை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது. கறுப்பின மாணவர் சேர்க்கையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1959 முதல் இருந்தது. கறுப்பின ஆசிரியரை நியமிக்கக் கூடாதென்று சட்டம் ஏதும் இல்லை. எனினும் அரசு மிரட்டியது. பல்கலைக்கழக ஆட்சிக்குழு பணிந்து நியமனத்தைத் திரும்பப் பெற்றது. அந்த ஆகஸ்டில் ஏறத்தாழ அறுநூறு மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் ஒன்பது நாட்கள் அமர்ந்து மறியல் செய்தனர். பயனில்லை. 2008-இல், மஃபெஜே இறந்த மறு ஆண்டில்தான், பல்கலைக்கழகம் அவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரியது.

கணவர் 1941-இல் பதவி துறந்தது போல அம்மையார் 1968-இல் துறக்கவில்லை. 1973-இல் ஓய்வு பெறும்வரை அப்பல்கலைக்கழகத்திலேயே நீடித்தார். இருந்து கற்பிப்பதா, விலகி எதிர்ப்பதா என்பது எளிதில் விடை காணும் கேள்வி அன்று. தாம் தயாரித்த மாணவனுக்குத் தம் துறையில் இடம் வாங்கித்தர அவரால் முடியவில்லை என்பது மட்டும் உண்மை.

மாணவரோ ஆசிரியையின் நிழலில் நின்றுவிடவில்லை. ஆப்பிரிக்கரை இனக்குழுக்களாகவே பார்க்கும் மானிடவியலை 1971-இல் ஒரு கட்டுரையில் கடுமையாகச் சாடினார். 1975-இல் அம்மையாரைச் சிறப்பித்து வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் மஃபெஜேயும் எழுதினார். அதிலும் சமயத்தை வர்க்கக் கண்கொண்டு நோக்கித் தம் வழியிலேயே சென்றார். புகழ் மாலையினும் இதுவே ஆசிரியைக்குத் தக்க காணிக்கை என்பது என் எண்ணம்.

மேத்யூஸ் 1968-இல் தம் தன்வரலாற்றை முடிக்காமலே இறந்துபோனார். அதைப் பதிப்பித்து, அவர் பெயரிலேயே 1981-இல் வெளிக்கொணர்ந்தது அம்மையார் செய்த கடைசிப் பெரும்பணிகளுள் ஒன்று. 1982 அக்டோபர் 26-ஆம் நாள், ஹாக்ஸ்பேக் மலையூரிலுள்ள தம் இல்லத்தில் அவர் காலமானார். மஃபெஜே அப்போதும் தாய்நாட்டுக்கு வெளியேதான் இருந்தார்.