கப்பல் கம்பெனி நடத்திய வக்கீல்

நம்ம நெல்லைச் சீமை ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ.சி.யைச் செக்கிழுத்தவராகத்தான் பாடத்தில் படித்தோம். அவர் கம்பெனிக் கணக்கையும் பார்க்கணும்.

1906-இல் பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு 25 ரூபாய் என்று சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. தலைவர் பாண்டித்துரைத் தேவர். இவர் உதவிச் செயலாளர்தான், அலைச்சலெல்லாம் இவருக்கே! வாடகைக் கப்பல் கைவிட்டதால் காலியா, லாவோ என இரண்டைச் சொந்தமாகவே வாங்கினார்கள்.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்தது. குடையும் இனாம் என்பார்கள். தூத்துக்குடி-கொழும்பில் நஷ்டமென்றால் அவங்க வேறு தடங்களில் ஈடுகட்டலாம். சுதேசிக்குப் பிழைப்பே இந்தத் தடம்தானே? கட்டணம் குறைந்தாலும் நிலக்கரிச் செலவு குறையாதே!

1908-இல் அவர் சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனி கலைந்தது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது, காலியா போட்டிக் கம்பெனிக்கே விலைபோயிருந்தது.