கலாயோகியின் கேள்வி

கண்டி மாநகரிலிருந்து பேராதனையைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் எம்பெக்கைத் தேவாலயத்தை அடையலாம். கதிர்காமக் கடவுளாகிய நம் முருகனுக்குக் கம்பளை அரசர் காலத்திலே, பதினான்காம் நூற்றாண்டில், எடுக்கப்பெற்ற கோயில் அது. அதன் மேளமண்டபத்து மரத்தூண்களிலே அன்னமும், மல்லரும், நடனமாதரும், சேயை ஏந்திய தாயும் இன்றும் உயிரோடு நிற்கின்றனர். கூரையின் ஒரு முனையிலே 26 கைமரங்கள் ஒரே மரமுளையில் வந்து கூடுகின்றன.

மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்த ஒரு நாள், அவர்களுள் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். இத்தூணைக் கணினி படம்பிடித்துக் கொள்ளும். அதைப் போலப் பல தூண்களை இயந்திரம் விரைவிலே செதுக்கித் தந்துவிடும். இனிச் சிற்பி எதற்கு, அவன் மறைவதற்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்றான். அக்கேள்வியிலே குறும்பு இல்லை. அவனுடைய தந்தையார் மரவேலை செய்து பிழைப்பவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. ஆயினும் இதே மலைநாட்டின் ஊர்களிலே அலைந்து, இதே கேள்வியோடு தம் வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவர் என் நினைவுக்கு வந்தார். அவர்தாம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

1877ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆம் திகதி கொழும்பிலே அவர் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, இலங்கைச் சட்டநிரூபண சபையிலே வீற்றிருந்த தமிழ்ப் பெருமகன். கண்டித் தலதா மாளிகையிலே போற்றப்படும் புத்தர்பெருமானின் தந்ததாதுவின் வரலாறாகிய தாதாவம்சத்தை 1874இல் ஆங்கிலத்திலே மொழிபெயர்த்தவர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருடைய சகோதரியின் மைந்தர்கள். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பு முன்னரே, 1879இல், தந்தையார் காலமாயினார். சைவக்குடியிற் பிறந்த பிள்ளை தமிழ் ஒலி கேளாமல் இங்கிலாந்திலே வளர்ந்தது.

கலைகளின் காவலராகப் பிற்காலத்திலே விளங்கிய இப்பெரியார் தொடக்கத்திலே ஓர் அறிவியலாளர் என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகின்றோம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதிக்கு முதல் தலைவராக இருந்தார். கண்டிக்கு அணித்தான அம்பகோட்டைப் பகுதியிலே கிடைத்த புதிய கனிப்பொருளொன்றை இன்னோர் அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்து, இந்நாட்டின் பழம்பெயரால் அதற்குச் செரண்டிபைற்று என்று பெயர் சூட்டினார். இலண்டன் பல்கலைக்கழகம் 1906இல் அவருக்கு அறிவியற் கலாநிதிப் பட்டம் அளித்தது. ஆகவே, இயந்திர யுகத்தை அவர் எதிர்த்தாரெனின், அது விஞ்ஞானம் அறியாதவரின் அச்சமன்று.

கல்லைத் தேடி மலைநாட்டு ஊர்களுக்குச் சென்றவர் அங்கே மனிதரைக் கண்டார். உடுதும்பறையின் தலகுனையிலே பருத்தித் துணி நெய்வோர், பாய் முடைவோர், பித்தளையும் வெள்ளியும் வேலை செய்யும் நவந்தன்ன குலத்தோர், விகாரைச் சுவரிலே சாதகக் கதை தீட்டும் ஓவியர் ஆகியோரின் தொழில்முறைகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். அவருடைய துணைவியார் எதெல், அவ்வேலைகளைப் படம்பிடித்து உதவினார். புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் நேத்திர மங்கலச் சடங்கையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். கண் எழுதப்படும் வரையிலே சிலை வெறுங் கல்; எழுதப்பட்ட பின்னரே அது வணங்கத்தக்க திருவுருவம். அக்கண்ணை எழுதுபவன் பணியாளனாக மட்டுமன்றிச் சடங்கை நடத்துபவனாகவும் நிற்கின்றான்.

அவர் கண்ட காலத்திலே அத்தொழில்கள் யாவும் நலிவுற்றிருந்தன. கண்டி அரசர் காலத்திலே கைவினைஞனுக்கு நிலம் மானியமாக உண்டு. அதற்கு ஈடாக அரண்மனைக்கும் கோயிலுக்கும் அவன் பணி செய்வான். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் 1830களின் தொடக்கத்திலே இராசகாரிய முறையும் ஒழிந்தது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. அவ்வாண்டிலேயே கண்டிக்குத் தென்கிழக்கே உள்ள லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். மலைச்சாரல்களைத் தேயிலை மூடியது. நம் தமிழ்த் தொழிலாளரின் கைகள் ஆலைச் சங்கின் ஒலிக்கு அசையத் தொடங்கின. மஞ்செஸ்டர் ஆலைத் துணி வண்டி வண்டியாக வந்து இறங்கியபோது தலகுனைத் தறிக்கு வேலை குறைந்ததிலே வியப்பு என்ன?

இந்நிலை கண்டு அவர் வாளா இருக்கவில்லை. 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்க மடலொன்று எழுதி, பழைய கட்டடங்கள் கவனிப்பாரற்றுச் சிதைவதையும், திருத்தம் என்ற பெயரால் அழிக்கப்படுவதையும் எடுத்துக் காட்டினார். அதே ஆண்டிலே இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, மேலைநாட்டுப் பழக்கங்களைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைக் கண்டித்தார்.

இங்கிலாந்துக்கு மீண்ட பின்னர், புரோட் கம்டன் என்னும் சிற்றூரிலே ஒரு பழங்கட்டடத்தைத் தம் இல்லமாக்கிக்கொண்டு, கண்டிக் கலைகளைப் பற்றிய பெருநூலை அங்கேயே அச்சிட்டார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியிலே, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை, 425 பிரதிகள் மட்டுமே உருவாயின. கைத்தொழிலைப் பற்றிய நூல் கைத்தொழிலாகவே பிறக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இதிலே ஒரு முரண் உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 425 பிரதிகளை வாங்கக்கூடியவர் செல்வரும் நூலகங்களுமே. தலகுனை நெசவாளியின் மகன் அந்நூலைக் கண்ணாலும் கண்டிரான். இன்று நம் மாணவர் அதைப் படிக்கின்றனர் என்றால், அது பிற்கால இயந்திர அச்சும் கணினியும் செய்த உதவியேயாகும்.

ஆயினும் அவருடைய கருத்தின் நடுநாடி வேறிடத்திலே இருக்கின்றது. கருவி வேறு, இயந்திரம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். நெசவாளியின் கைத்தறி ஒரு கருவி. அது நூலை இழுத்துப் பிடித்து அவன் விரல்களுக்கு உதவுகின்றது. கோலத்தை நிச்சயிப்பவன் அவனே. விசைத்தறியோ இயந்திரம், அது வேலையின் மனிதப் பகுதியையே தன்னிடம் எடுத்துக்கொண்டு, மனிதனைத் தனக்குத் துணையாளாக நிறுத்துகின்றது. வேகமும் மலிவும் இங்கே இரண்டாம் இடமே பெறும். எண்ணுவதும் தேர்வதும் யாரிடம் எஞ்சுகின்றன என்பதுதான் வினா. இப்பாகுபாட்டைப் பின்னாளிலே பொருளியல் அறிஞர் சூமாக்கர் எடுத்தாண்டு, 1973இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலின் வாயிலாக உலகெங்கும் பரப்பினார். கைத்தொழில் யுகத்துக்குப் பிற்பட்ட சமுதாயம் என்ற பொருளிலே இன்று பலரும் வழங்கும் ஆங்கிலச் சொல்லை முதன்முதல் ஆக்கியவர்களுள் ஒருவராகவும் குமாரசுவாமி கருதப்படுகின்றார்.

இனி, இயந்திரமும் விஞ்ஞானமும் மனிதனின் சாவோடும் வாழ்வோடும் கொண்ட உறவை நோக்குவோம். குமாரசுவாமி கனிப்பொருள் அளவைக்குத் தலைவராக இருந்த காலத்திலேயே, 1904இல், பலாங்கொடைப் பகுதியிலிருந்து தோரியனைற்று என்னும் கரிய கனிப்பொருள் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதிலுள்ள தோரியத்துக்கு அந்நாளிலே வாயு விளக்கின் ஒளிவலை செய்வோரிடம் பெருமதிப்பு இருந்தது. குமாரசுவாமி பயின்ற அதே இலண்டன் கல்லூரியிலே, 1905இல், ஒற்றோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர் இலங்கைத் தோரியனைற்றை ஆராய்ந்து புதியதொரு கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார். அவரே 1938இல் தம் துணைவருடன் யுரேனிய அணுவின் பிளவை வெளிப்படுத்தினார். ஏழு ஆண்டுகளிலே ஹிரோஷிமா நகர் சாம்பலாயிற்று. தோரியம் ஒட்சைட்டை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து மருத்துவர் எக்ஸ் கதிர்ப் படத்துக்காக நோயாளரின் குருதியிலே செலுத்தினர். படம் மிகத் தெளிவாக விழுந்தது; ஆனால் அப்பொருள் உடலை விட்டு நீங்காமல் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஈரலிலே புற்றுநோயை விளைத்தது. இருளை ஒளியாக்கிய அதே பொருள் உயிருக்கும் கூற்றாயிற்று.

இதைக் கொண்டு விஞ்ஞானத்தைப் பழித்தல் நேர்மையாகாது. 1934, 1935 ஆண்டுகளிலே இலங்கையிலே பரவிய மலேரியாக் காய்ச்சல் 80,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. கண்டிக்கு அயலான கேகாலைப் பகுதி பெரிதும் பாதிக்கப்பட்டது. பின்னர் டி.டி.ரி. மருந்து தெளிப்பும், மருத்துவ வசதியும், உணவு நிலையும் சேர்ந்து நாட்டின் சாவைக் குறைத்தன. 1946இல் ஆயிரவருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்த வரத்தைப் பழைய கண்டி அரசர் எவரும் தந்திருக்க முடியாது. மேலும், குமாரசுவாமி புகழ்ந்த பழைய முறையிலே சாதிக் கட்டும் கட்டாய ஊழியமும் இருந்தன. பாய் முடைபவனின் மகன் பாய் முடைந்தே ஆக வேண்டும் என்ற நியதியை இன்று எந்த ஆசிரியன் தன் மாணவனுக்கு விரும்புவான்? இவ்விடத்திலே அவரது பார்வையிலே ஒரு குறை உண்டென்றே நான் கருதுகின்றேன். அழகிய வேலையைக் கண்ட கண்கள், அதன் பின்னே நின்ற தளையை வேண்டிய அளவு காணவில்லை.

முதல் உலகப் போர்க் காலத்திலே அவர் அமெரிக்கா சென்றார். 1917 முதல் இறுதிவரை பொஸ்டன் நகர நுண்கலைக் காட்சிச்சாலையிலே இந்தியக் கலைப் பிரிவைப் பேணினார். தமிழகத்திலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகையிலே 1912இல் அவர் எழுதிய சிவநடனம் பற்றிய கட்டுரை, பின்னர் 1918இல் நூலாகி உலகப் புகழ் பெற்றது. ஆக்கல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலையும் ஒரே திருவுருவிலே கண்ட நம் முன்னோரின் உள்ளத்தை மேலைநாட்டார்க்கு அவர் உணர்த்தினார். அழிவு என்பது ஆட்டத்துக்குப் புறம்பானதன்று என்பதை அறிந்தவர் அவர். ஆகவே மரணத்தை வெல்லும் இயந்திரத்தை அவர் நாடவில்லை; மரணம் வரும் வரையிலே மனிதன் செய்யும் வேலை பொருளுடையதாக இருக்க வேண்டும் என்றே விரும்பினார்.

1947 ஆகஸ்டிலே அவருக்கு எழுபது வயது நிரம்பியது. அறிஞர் பலர் அவருக்கு விழா எடுத்தனர். இந்தியாவுக்குச் சென்று இமயத்தின் அடிவாரத்திலே எஞ்சிய நாள்களைத் தவத்திலே கழிக்க எண்ணியிருந்தார். ஆனால் செப்டெம்பர் 9ஆம் திகதி, மசச்சூசெற்ஸ் மாநிலத்து நீடாம் ஊரிலே அவருடைய உயிர் பிரிந்தது. அவர் பிறந்த தீவிலே சாவு என்றுமில்லாத விரைவிலே பின்வாங்கிய அதே ஆண்டு அது.

மனிதன் இன்று நெடுநாள் வாழ்கின்றான். அந்த நெடிய நாள்களிலே அவன் செய்ய வேண்டிய வேலை என்ன? குமாரசுவாமியின் காலத்து இயந்திரம் கையின் வேலையை மட்டுமே பறித்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவோ கோலம் வரைகின்றது, கட்டுரை எழுதுகின்றது, படம் தீட்டுகின்றது. நெசவாளியிடம் கடைசியாக எஞ்சியிருந்த தேர்வையே அது கேட்கின்றது. கருவியா, இயந்திரமா என்ற அவருடைய வினா 1908இலும் பார்க்க இன்றே கூர்மையாக நம் முன் நிற்கின்றது.

எம்பெக்கையிலே கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் அன்று விடை கூறவில்லை. அவன் தந்தையாரிடமே கேட்டு வரும்படி சொன்னேன். அடுத்த வாரம் வந்தான். தந்தையார் மின்சாரச் சீவுளி வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆயின என்றும், அதனால் முதுகு நோவு குறைந்தது என்றும், அதை ஒருநாளும் விடமாட்டார் என்றும் சொன்னான். ஆனால் பலகையிலே கோலத்தைக் கீறும் பென்சிலை மட்டும் இதுவரை எவர் கையிலும் அவர் கொடுத்ததில்லையாம். மகனுக்கும் இன்னும் கொடுக்கவில்லையாம். அதை எப்போது கேட்பாய் என்றேன். கேட்க வேண்டும் என்ற எண்ணமே இந்த வாரந்தான் வந்தது என்றான்.